ஷிமாசானிக்கு ஒரு கோடாலிக் காம்பு!

செல்போனில் மணி 10.10. ஒரு வளைவைத் தாண்டி மறுபடி பார்த்தால் 11.12! போன் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த டீச்சர் சிரித்தார்.

"போன் நல்லாத்தான் இருக்கு. நாம நவாஹோ நாட்டுக்குள்ள வந்துட்டோம். இவங்க கடிகாரம் வேற!"

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அரிசோனாவில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால், அதே அரிசோனாவுக்குள் இருக்கும் நவாஹோ பகுதியில் உண்டு. போனுக்குக்கூட அது வேறு ஒரு நாடுதான்.

கடந்த அக்டோபரில் அக்காவுக்குப் பிரசவம். அரிசோனாவில் சாண்ட்லர் என்ற ஊரில் இருக்கிறாள். துணைக்குப் போன அம்மாவோடு மூன்று வாரம் லீவு போட்டு நானும் ஒட்டிக்கொண்டேன். அக்காவின் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான். வசந்தத்தில் ஒரு முறை, குளிருக்கு முன் ஒரு முறை என வருடத்துக்கு இரண்டு தடவை தன்னார்வலர்களோடு சேர்ந்து நவாஹோ முதியவர்களுக்கு மளிகையும் விறகும் கொண்டுபோய்க் கொடுப்பார். "வர்றியா?" என்றார். டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து ஊர் உலகச் செய்திகளைத் தட்டிக்கொண்டிருக்கும் எனக்கு, நேரில் போய்ப் பார்க்கும் வாய்ப்பு எப்போது கிடைக்கும்? கிளம்பிவிட்டேன்.

"வெறுங்கையோட போகாதே" என்றார் அம்மா. "வயசானவங்கன்னா முட்டி வலி இருக்கும்ல?" மூவரும் யோசித்து, ஆன்லைனில் நல்ல ரேட்டிங் பார்த்து ஒரு ஹீட்டிங் பேட் வாங்கினோம். மாமா அதை அழகாகப் பரிசுத்தாள் சுற்றிக் கொடுத்தார்.

தட்டாதே, காத்திரு!

நவாஹோ மக்கள் தங்களை 'டினே' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அரிசோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா என மூன்று மாநிலங்களில் விரிந்திருக்கும் அவர்கள் நிலம் சுமார் 71,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல்! இவ்வளவு பெரிய நிலத்தில் முழுமையான மளிகைக் கடைகள் ஏறக்குறைய 13தான். மூன்றில் ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. டிரம்களை வண்டியில் ஏற்றிப்போய்த் தண்ணீர் பிடித்து வருகிறார்கள்.

போகும் வழியெல்லாம் டீச்சர் பாடம் எடுத்தார். வீட்டு வாசலில் போய்க் கதவைத் தட்டக் கூடாது. வண்டியிலேயே காத்திருந்தால் அவர்களே வெளியே வருவார்கள். கையைப் பிடித்து அழுத்திக் குலுக்கக் கூடாது, மெல்லத் தொட்டால் போதும். விரலை நீட்டி எதையும் சுட்டக் கூடாது. கேட்காமல் படம் எடுக்கவே கூடாது.

வணக்கம் சொல்லவும் கற்றுக்கொடுத்தார். அவர்கள் மொழியில் 'யாஅத்தே.' போனில் இதைக் கேட்ட அம்மா, "என்னது, யா அத்தையா? அப்போ நம்ம சொந்தக்காரங்கதான்" என்று சிரித்தார்.

டியூபா சிட்டி என்ற சிற்றூரில் உள்ளூர் நவாஹோ பெண் ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். அவர்தான் வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம். தார்ச்சாலை முடிந்தது. செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி ஒரு மணி நேரம். ஒரு சிறிய வீடு, பக்கத்தில் கிழக்கு பார்த்த வாசலோடு 'ஹோகன்' என்ற வட்டமான பாரம்பரிய வீடு, ஒரு ஆட்டுப்பட்டி. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு வீடே இல்லை.

காத்திருந்தோம். ஐந்து நிமிடம் கழித்து நாய் முன்னால் வர, பின்னால் பாட்டி வந்தார். வயது 80-க்கு மேல். வெல்வெட் சட்டை, பச்சைக்கல் மாலை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. அவரை எல்லோரும் 'ஷிமாசானி' என்றுதான் கூப்பிட்டார்கள். 'என் அம்மாச்சி' என்று அர்த்தம்.

"உன் குலம் என்னன்னு பாட்டி கேக்கறாங்க" என்றார் வழிகாட்டி.

எனக்கு முகம் மாறிவிட்டது. நம் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். என் தயக்கத்தைப் பார்த்து அவர் விளக்கினார். டினே மக்கள் அறிமுகமாகும்போது நான்கு குலங்களைச் சொல்வார்கள். முதலில் அம்மாவின் குலம், பிறகு அப்பாவின் குலம், அடுத்து அம்மாவின் அப்பா, கடைசியாக அப்பாவின் அப்பா. யார் மேல், யார் கீழ் என்பதற்காக அல்ல. 'நீ எனக்கு என்ன உறவு, நான் உன்னிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்' என்று தெரிந்துகொள்வதற்காக. நான் யோசித்து, நான்கு பேரின் ஊர்களையும் சொன்னேன். பாட்டி ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் தலையசைத்தார்.

வயர் எங்கே போகும்?

விறகை இறக்கினோம். அடுத்து மளிகை. பெட்டிக்குள் டீச்சர் தன் இஷ்டத்துக்கு எதையும் வைத்திருக்கவில்லை. போன தடவை பாட்டி சொன்ன பட்டியல்தான்: நவாஹோ வீடுகளில் எல்லோரும் விரும்பும் 'புளூபேர்ட்' கோதுமை மாவு, காபித்தூள், உருளைக்கிழங்கு, டின்னில் அடைத்த இறைச்சி, நாய்க்குத் தீனி, ஆடுகளுக்குத் தீவனக் கட்டு.

அப்புறம் நான் பெருமையாகப் பரிசை நீட்டினேன். பாட்டி தாளைக் கிழிக்காமல் பிரித்து மடித்து வைத்தார். ஹீட்டிங் பேடைத் தடவிப் பார்த்தார். அதன் வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போய், நுனியில் இருந்த பிளக்கைப் பார்த்தார். அடுத்து சுவரைப் பார்த்தார். அப்போதுதான் நானும் சுவரைப் பார்த்தேன்.

சுவிட்ச் இல்லை. பிளக் பாயின்ட் இல்லை. அந்த வீட்டில் கரன்ட்டே இல்லை.

பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வழிகாட்டியும் சிரித்தார். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரன்ட் இல்லாத வீடுகளைப் பற்றி முந்தின நாள் இரவுகூடப் படித்திருந்தேன். படித்தது பரிசு வாங்கும்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஏன் இல்லை? அந்தக் கதையை அடுப்பு பற்றவைத்துக்கொண்டே வழிகாட்டி சொன்னார். நவாஹோக்களுக்கும் ஹோப்பி மக்களுக்கும் இருந்த நிலத் தகராறைக் காரணம் காட்டி, 1966-ல் அமெரிக்க அரசு இந்தப் பகுதியில் கட்டுமானத்துக்குத் தடை போட்டது. அந்தத் தடைக்குப் பெயர் 'பென்னட் ஃப்ரீஸ்'. புது வீடு, மின்கம்பி, தண்ணீர்க் குழாய் எதுவும் கூடாது. ஒழுகும் கூரையைச் சரிசெய்யக்கூட அனுமதி வேண்டும். தடை முழுதாக நீங்கியது 2009-ல். 43 ஆண்டுகள்! இளைஞர்கள் வேறு ஊர்களுக்குப் போனார்கள். ஆட்டையும் தறியையும் விட்டுப் போக மனமில்லாத இந்தப் பாட்டிகள் தங்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னார். வடக்கே பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில், நவாஹோ நிலத்தில், ஒரு பிரமாண்ட அனல் மின் நிலையம் இருந்தது. நவாஹோ, ஹோப்பி நிலத்தில் வெட்டிய நிலக்கரிதான் அதற்குத் தீனி. அங்கே உற்பத்தியான மின்சாரத்தில் ஒரு பங்கு, கொலராடோ ஆற்றுத் தண்ணீரை பாலைவனத்தின் குறுக்கே பீனிக்ஸ் வட்டாரத்துக்கு இறைத்துக் கொடுத்தது. அதாவது, என் அக்கா வீடு இருக்கும் பக்கத்துக்கு. அந்த நிலையம் ஓடிய காலத்தில், அதைச் சுற்றியிருந்த எத்தனையோ வீடுகளில் விளக்கும் இல்லை, குழாயும் இல்லை.

2019-ல் சுரங்கமும் மின் நிலையமும் மூடப்பட்டன. வேலைகள் போயின. அதோடு, சுரங்கத்திலிருந்து கிடைத்த நிலக்கரியைக் குளிருக்கு எரித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அதுவும் போனது. இப்போது விறகுதான் கதி. அதனால்தான் வடக்கு அரிசோனா காடுகளில் தீத் தடுப்புக்காக வெட்டும் மரங்களைத் தன்னார்வலர்கள் விறகாக்கி இங்கே கொண்டுவருகிறார்கள்.

காலையில் அக்கா வீட்டில் பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்தபடியே விட்டது ஞாபகம் வந்தது.

அழித்த படம்

மாவைப் பிசைந்து பாட்டி ரொட்டி பொரிக்க ஆரம்பித்தார். ஹோகனுக்குள் ஆளுயரத் தறி. பாதி நெய்த கம்பளம் - சிவப்பு, கறுப்பு, சாம்பல். சாம்பல் நிறம், கறுப்பு ஆட்டு ரோமத்தையும் வெள்ளை ஆட்டு ரோமத்தையும் சேர்த்து நூற்றதாம். டெஸ்க் புத்தி சும்மா இருக்குமா? பாட்டி திரும்பியிருந்தபோது போனை எடுத்து 'கிளிக்' செய்துவிட்டேன். தறி மட்டும்தான் விழும் என்று நினைத்தேன். பாட்டியின் முதுகும் விழுந்துவிட்டது.

வழிகாட்டி பார்த்துவிட்டார். பாட்டியிடம் சொன்னார். பாட்டி கோபப்படவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார்.

"இவங்க அம்மாவை ஒரு டூரிஸ்ட் படம் எடுத்தாராம். அப்புறம் அது போஸ்ட்கார்டா கடையில இருந்துச்சாம். பேர் போடலை. 'நவாஹோ பெண்'னு மட்டும் போட்டிருந்துச்சாம்."

அந்த அம்மாவைப் பற்றி மேலும் சொன்னார். 1930-களில், மேய்ச்சல் நிலம் அழிகிறது என்று அரசு ஆட்களை அனுப்பி ஆயிரக்கணக்கில் ஆடுகளைக் கொன்றபோது, தன் மந்தையைச் சுட்டுப்போட்டதை நின்று பார்த்தவராம். மிஞ்சிய சில ஆடுகளின் வம்சம்தான் இன்று பட்டியில் நிற்கிறது.

பாட்டி பக்கத்தில் போய், அவர் பார்க்கும்படியே படத்தை அழித்தேன். அவர் ஒரு ரொட்டியை என் தட்டில் வைத்தார். "இந்தக் கட்டுரைக்குப் பாட்டி போட்டோ இல்லையா?" என்று எங்கள் எடிட்டர் கேட்டார். இல்லை சார்.

சாப்பிடும்போது பாட்டி என்னிடம் கேட்டார்: "உன் பாட்டிக்கு விறகு யார் வெட்டிக் கொடுக்கறாங்க?"

"அங்கே கேஸ் அடுப்பு, பாட்டி."

"அப்போ அவளுக்கு என்ன தேவை?"

பதில் தெரியவில்லை. போன தீபாவளிக்கு திருநெல்வேலி ஆச்சிக்கு ஏர் ஃபிரையர் அனுப்பியிருந்தேன். அவள் கேட்டா அனுப்பினேன்?

கிளம்பும்போது, மளிகைப் பட்டியலைத் தாண்டி, நானே கேட்டேன்: "பாட்டி, அடுத்த தடவை என்ன கொண்டுவரணும்?"

அவர் உதட்டைக் குவித்து வாசல் பக்கம் காட்டினார். அங்கே கோடாலி சாய்ந்திருந்தது. காம்பு விரிசல் விட்டு, துணி சுற்றிக் கட்டியிருந்தது. நாங்கள் இறக்கிய விறகைப் பிளக்க வேண்டியதே அந்தக் கோடாலியால்தான்! அத்தனை பேர் அதைத் தாண்டித்தான் உள்ளே போய் வந்தோம்.

ஒரு வண்டி விறகு எத்தனை நாள் வரும் என்று திரும்பும்போது டீச்சரிடம் கேட்டேன். "ஜனவரி தாண்டாது" என்றார். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் தன்னார்வலர்களால் 43 ஆண்டுத் தடையை ஈடுகட்ட முடியாது. அதற்கு அரசு வேண்டும், மின்கம்பி வேண்டும். 2019 முதல் பல மாநில மின்வாரிய ஊழியர்கள் இங்கே வந்து, நவாஹோ மின்வாரியத்தோடு சேர்ந்து கம்பி இழுத்துக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் பாட்டி வீட்டுக்கும் வரலாம். அதுவரை விறகு வேண்டும்.

சென்னை திரும்பியதும் ஆச்சிக்குப் போன் போட்டேன். "ஆச்சி, உனக்கு என்ன வேணும்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கை மேல தூக்க முடியலட்டி. கொசுவலைய மேல கட்ட ஆளில்ல. ரெண்டு கொக்கி தாழ அடிச்சுக் குடுத்தா போதும்." அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய் அடித்துக் கொடுத்தேன். ஏர் ஃபிரையர் அட்டைப்பெட்டி பிரிக்காமல் பீரோ மேல் இருந்தது.

வசந்தத்தில் டீச்சர் மறுபடி போனபோது, மாமா வாங்கிக் கொடுத்த கோடாலிக் காம்பு இரண்டும் அவரோடு போயின. திரும்பி வந்ததும் அக்காவிடம் விவரம் சொல்லியிருக்கிறார். பாட்டி நலம். மூன்று குட்டிகள் புதிதாகப் பிறந்திருக்கின்றன. காம்பைக் கையில் வாங்கிச் சுழற்றிப் பார்த்து, "அஹேஹே" என்று நன்றி சொன்னாராம்.

அந்த ஹீட்டிங் பேட்? வயரைச் சுருட்டிக் கட்டி, தறிக்கு முன்னால் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் நெய்கிறாராம். மெத்தென்று இருக்கிறதாம்.