கோடுகள் கற்பிக்கும் பொறுமை



“எனக்கு வரையவே வராது” என்று சொல்லித் தாளைக் கசக்கி எறியும் பிள்ளைகளை ஞாயிறு பள்ளியில் காண்கிறேன். “எனக்கு ஜெபிக்க வராது, ஐயா” என்று சொல்லிப் பின்வாங்கும் பெரியவர்களையும் காண்கிறேன். இரண்டும் ஒரே சோர்வின் இரு குரல்கள்.

ஓவியர் கே. எம். ஆதிமூலம் நமக்கு அண்டையிலுள்ள திருச்சி மாவட்டத்தின் துறையூர்ப் பகுதியில் 1938-இல் பிறந்தவர். சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல் அவரைக் கோட்டோவியங்களாக வரைந்தார். ஒன்றிரண்டோடு நிற்கவில்லை, ஏறத்தாழ 100 ஓவியங்கள்! நாடு முழுவதும் அறிந்த அதே முகத்தை அவர் மறுபடியும் மறுபடியும் நோக்கினார். பின்னாளில் வண்ண ஓவியங்களால் புகழ் பெற்றபோதும் கோட்டை அவர் கைவிடவில்லை.

வரைதலில் முதலில் பழக வேண்டியது கண். கை அதன் பின்னரே பழகுகிறது. புதிதாக வரைகிறவர் தம் முன்னிருக்கும் கையைப் பார்த்து வரைவதில்லை. கை இப்படித்தான் இருக்கும் என்று மனம் சொல்வதை வரைகிறார். நாள்தோறும் உற்றுநோக்கும்போதுதான் விரல்களுக்கிடையே உள்ள வெளியும், மடிப்பில் விழும் நிழலும் புலப்படுகின்றன. ஜெபமும் அப்படியே. நம் அச்சம் கற்பித்த தேவனை விட்டு, வேதம் காட்டும் தேவனை நோக்கக் கற்பதற்கு நாட்கள் தேவை.

யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் பெசலெயேலைக் கர்த்தர் தம் ஆவியினால் நிரப்புகிறார். ஆயினும் ஆசரிப்புக் கூடாரத்தின் பொன் குத்துவிளக்கு அச்சில் வார்க்கப்படவில்லை. அடிப்பு வேலையாகவே உருவாயிற்று. ஆவியானவர் ஞானத்தை அருளினார். சுத்தியலின் அடிகளைக் குறைத்துத் தரவில்லை. வரம் பெற்றவனுக்கும் உழைப்பு உண்டு. நம் திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளர் இதை நன்கறிவர். அரத்தால் சிறிது சிறிதாக ராவித்தான் சாவி பொருந்துகிறது. அவசரப்பட்டு அதிகமாய் ராவிவிட்டால் அந்தத் துண்டு வீண்.

ஆகையால், பெற்றோரே, பிள்ளைகள் கசக்கிய தாளை விரித்துத் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். அதே பொருளை நாள்தோறும் பத்து நிமிடம் வரையச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து முதல் தாளையும் கடைசித் தாளையும் அருகருகே வையுங்கள். போதிக்க வேறு வார்த்தை வேண்டியிராது. ஜெபிக்க வராது என்போரே, நீங்களும் அதே பத்து நிமிடத்தைக் கர்த்தருக்குக் கொடுங்கள். இன்றைய ஜெபம் கோணலாயிருக்கலாம், நாளையும் அமருங்கள்.

ஜெபம்: பொறுமையின் தேவனே, குயவனைப்போல எங்களை மறுபடியும் வனைகிறவரே, சோர்ந்த கைகளைத் திடப்படுத்தும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.