குரக்கனும் கோதுமைமாவும்

சென்ற பெரும்போக அறுவடை தொடங்கிய சமயம், எமது பாடசாலையில் பெற்றோருக்கெனச் சமையல் வகுப்பொன்று நடைபெற்றது. தமிழ் கற்பிக்கும் எமக்கு அடுப்படியில் என்ன அலுவல் என்று கேட்கலாம். வரவேற்புரை எம் தலையில் விழுந்தது. ‘மறந்துபோன மண்ணின் உணவுகள்’ என்று அழகாகத் தொடங்கி, அழகாகவே முடித்தோம். பின்னர் வெளியூரிலிருந்து வந்த போதனாசிரியை குரக்கன்மாவில் கேக் செய்து காட்டினார். மாஜரீன், முட்டை, மின்சார அடுப்பு யாவும் மேசையில் இருந்தன.

பின்வாங்கிலிருந்து ஒரு தாய் எழுந்தார்.

“சேர், நாங்கள் ஒண்டையும் மறக்கேல்லை. குரக்கன் விதைக்கிறதும் நாங்கள்தான். அதைச் சாக்கோடை குடுத்துப்போட்டுக் கோதம்பமா வாங்கிறதும் நாங்கள்தான். ஒரு சாக்கை வீட்டிலை மிச்சம்பிடிக்க வழி சொல்லுங்கோ.”

மண்டபம் சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை.

விதைக்கும் உழவுக்கும் பட்ட கடன், கதிர் முற்றுமுன்னரே விளைச்சலுக்கு உரிமை கொண்டாடுகிறது. அறுவடை வேளையில் விலை தாழ்ந்திருக்கும். ஏழைக்கு அப்பொழுதுதான் விற்றாகவேண்டும். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. வெள்ளைக் கோதுமைமாவில் அதில் பத்திலொரு பங்கும் இல்லை. முன்னது லொறியேறிப் போகிறது. பின்னது கடையிலிருந்து வீடு வருகிறது.

இந்த மா பரவிய கதை அவ்வளவு பழையதன்று. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து அற்றபோது, பங்கீட்டோடு அது எம் அடுப்படிக்குள் நுழைந்தது. போர் முடிந்தும் வெளியேறவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடையால் விளைச்சல் விழுந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிற்று. விளைந்ததும் போதாது, வாங்கவும் இயலாது என்ற நிலையை அன்று கண்டோம்.

ஆயினும் ஒருவரும் மறக்கவில்லை என்பதை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. 2009இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவள் இன்று பிள்ளைகளின் தாய். முள்ளிவாய்க்காலில் அரிசியும் நீருமான கஞ்சி. பின்னர் மனிக்பாம் முகாமில் வரிசையில் நின்று பெற்ற நிவாரணம். அவள் கண்ட சமையல் அதுவே. எது முசுட்டை, எது முல்லை என்று இலை காட்டித்தர அம்மம்மா எஞ்சவில்லை.

ஆகவே அடுத்த வகுப்பை வேறாக நடத்தினோம். கேக் இல்லை, நல்லவேளையாக உரையும் இல்லை. அவரவர் வளவில் உள்ளதைக் கொண்டுவரச் சொன்னோம். கௌபி, உழுந்து, மரவள்ளி, கீரை வகைகள் எல்லாம் வந்தன. எழுபது கடந்த ஆச்சி ஒருவர் திரிகையில் குரக்கன் அரைத்து, முருங்கையிலை கலந்து நீத்துப்பெட்டியில் புட்டு அவித்தார். உணவோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும், தேசிக்காய் சேர்த்தால் கூடும் என்று மனைப்பொருளியல் ஆசிரியை விளக்கினார். “அதுக்குத்தானே பிள்ளை, கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விடுறனாங்கள்” என்றார் ஆச்சி.

வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ‘அம்மாச்சி’ உணவகங்களில் பெண்கள் இத்தகைய உணவுகளைச் சமைத்து விற்று வருவாய் காண்கின்றனர். நல்ல முயற்சி; ஆனால் அங்கு இடம் சிலருக்கே.

சாக்கைப் பற்றிய கேள்வி மட்டும் நின்றது. லொறி வருமுன் வீட்டுக்கு ஐந்து கொத்துக் குரக்கன் ஒதுக்கிப் பாடசாலைக் களஞ்சிய அறையில் பொதுவாக வைப்பதென்று தாய்மார் முடிவு செய்தனர். பதினான்கு வீடுகள் சேர்ந்தன. கேள்வி கேட்ட தாய் சேரவில்லை. அவருடைய குரக்கனை முதல் வாரமே கடன்காரர் ஏற்றிப் போய்விட்டார்.