அட்டையில் மிளகு

அக்டோபர் 1, புதன்

சாயங்காலம் நாலரை மணிக்கு ஓர் ஆப்பிள் பெட்டியில் வந்து இறங்கியது. கறுப்பு. நாலு காலிலும் விரல் நுனி மட்டும் வெள்ளை, சுண்ணாம்பை மிதித்துவிட்டு வந்த மாதிரி. கொண்டுவந்த பெண் எங்கள் தெருக்கோடி வீட்டில் இருப்பவள். ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவள். “பத்தே நாள்தான் அக்கா. அதுக்குள்ள வீடு கிடைச்சிரும். நீங்க சும்மா ஃபாஸ்டர் பண்ணிக் குடுங்க.”

மடிப்பாக்கத்தில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் போட்ட பள்ளம் ஒன்றில் தாயும் மூன்று குட்டிகளும் இருந்திருக்கின்றன. தாய் தண்ணீர் லாரியில் அடிபட்டது. அதன் காது நுனியில் வெட்டு இல்லை என்றாள் அந்தப் பெண். கருத்தடை செய்த தெருநாய்க்கு அந்த அடையாளம் இருக்கும். ஒரு நாள் அதைப் பிடித்துப்போய் ஆபரேஷன் செய்து கொண்டுவந்து விட்டிருந்தால் இந்தப் பெட்டி என் வாசலுக்கு வந்திருக்காது. மூன்றில் இரண்டு கடுவன். நாலு நாளில் ஆள் வந்து வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இது. பொட்டை.

“இதுக்குன்னு ஷெல்டர் இருக்கே, அங்க விட வேண்டியதுதானே?” என்றாள் அம்மா. விடலாம். ஆனால் ஊசி போடாத குட்டியை நூறு நாய்க்கு நடுவில் விடுவது, பார்வோ வைரஸுக்கு இலை போட்டுப் பரிமாறுவதற்குச் சமம். அதனால்தான் இந்த மாதிரிக் குட்டிகளுக்கு யார் வீட்டு பால்கனியாவது தேடுகிறார்கள்.

அம்மா, “நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சா...” என்று ஆரம்பித்தாள். பழமொழி முடியவில்லை. குட்டி அவள் காலடியில் மூத்திரம் போயிருந்தது.

“சனியனே!”

குட்டி வாலை ஆட்டியது.

அக்டோபர் 4, சனி

முதல் தடுப்பூசி. எடை ஒரு கிலோ தொள்ளாயிரம். அட்டை எழுதும் பையன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேர் என்ன என்றான். நான் விழித்தேன். பெயர் வைப்பதில்லை என்று உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தேன். வைத்துவிட்டால் அனுப்ப மனசு வராது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கூட வந்த பெண்தான் “மிளகு” என்றாள். வீடு தேடும் போஸ்டருக்கு நன்றாக இருக்குமாம்.

21 நாள் கழித்து அடுத்த ஊசி. மூன்று மாதம் நிறைந்த பிறகு ரேபிஸ் ஊசி. நடுவே பூச்சி மருந்து. அதுவரை தெருவில் கால் வைக்கவே கூடாது என்றார் டாக்டர். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்குமாம். வீட்டுக்குள் பினாயில் அதற்குப் பத்தாது, ப்ளீச்சிங் பவுடர்தான் கேட்கும்.

ஆக, பள்ளத்தில் பிறந்து தெருவில் ஓட வேண்டிய கால்களுக்கு இனி எங்கள் அறுநூற்றைம்பது சதுர அடிதான்.

அக்டோபர் 7, செவ்வாய்

இதுவரையிலான சேதம்: அம்மாவின் வலது கால் செருப்பு, போன் சார்ஜர் வயர், துடைப்பத்தில் பாதி, நான் திருத்திக்கொண்டிருந்த புத்தக மெய்ப்பில் எட்டுப் பக்கம். ஒற்று மிகுமா மிகாதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த இடத்தை அது மென்று தீர்த்துவைத்தது.

கைதான் மோசம். நாய்க்குட்டிக்கு 28 பால்பல், ஒவ்வொன்றும் குண்டூசி. நாலு மாதம் நெருங்கும்போதுதான் விழத் தொடங்கும், பிறகு 42 பல் வரும். கடியின் அளவை ஒரு குட்டி தன் கூடப்பிறந்தவற்றிடம்தான் கற்றுக்கொள்கிறது. அழுத்திக் கடித்தால் தங்கை வீல் என்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். எவ்வளவு கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பது அப்படித்தான் தெரிகிறது. இதற்கு அந்தப் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. எனவே ஐம்பத்திரண்டு வயதில் நான் தங்கையாக உத்தியோகம் பார்க்கிறேன். பல் பட்டதும் கையை எடுத்துக்கொண்டு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறேன். பத்து எண்ணிவிட்டு வருகிறேன். மறுபடி கடிக்கிறது. மறுபடி போகிறேன். இன்று மட்டும் முப்பது தடவைக்கு மேல். மாடியேறி வந்த சிலிண்டர் பையன் இதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஏதோ மெதுவாகக் கேட்டான்.

அம்மாவுக்கு வேறு வைத்தியம். பழைய வேட்டித் துணியை நனைத்து, முறுக்கி, முடிச்சுப்போட்டு பிரிட்ஜில் வைத்து எடுத்துக் கொடுத்தாள். ஈறு ஊறலுக்கு ஜில்லென்று இருக்கும்போல. அரைமணி நேரம் சத்தமில்லை. “உனக்குப் பல்லு முளைக்கறப்பவும் இதேதான்” என்றாள். பிரிட்ஜ் அப்போது ஏது என்று கேட்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

வயிற்றுப்போக்கு. எனக்குத் தெரியாமல் அம்மா பசும்பால் ஊற்றியிருக்கிறாள். தாய்ப்பால் மறந்த குட்டிக்கு அது செரிக்காது. ராத்திரி மூன்று மணிக்கு இரண்டு பேரும் தரை துடைத்தோம். பேசிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

சோறும், வேகவைத்த கோழி ஈரலும். கறிக்கடைக்காரரிடம் நாய்க்கு என்று சொன்னால் தனியாகக் கட்டித் தருகிறார். எலும்பைப் போடாதே என்று அம்மாவிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று. வெந்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும்.

இன்னொன்று கண்டுபிடித்தேன். தினமும் ஏழரை மணிக்குக் காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவில் பேய் ஓட்டம் ஓடுகிறதே, அதைத் தெம்பு அதிகம் என்று நினைத்து பந்து போட்டு இன்னும் ஓடவைத்துக்கொண்டிருந்தேன். தப்பு. இந்த வயதில் ஒரு குட்டி நாளைக்குப் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்க வேண்டும். நாங்கள்தான் கொஞ்சிக் கொஞ்சி எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தோம். தூக்கம் கெட்ட பிள்ளை அழும். தூக்கம் கெட்ட நாய்க்குட்டி கடிக்கும். இன்று மத்தியானம் விளக்கை அணைத்து, பெட்டியில் விட்டு, பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்தேன். நாலு நிமிடம் முனகியது. பிறகு இரண்டரை மணி நேரம் தூங்கியது. சாயங்காலக் கடி பாதியாகக் குறைந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

போஸ்டர் போனது. போன் வந்தவண்ணம் இருக்கிறது.

“லேப் கிராஸா மேடம்?”

“ஆண் குட்டி இல்லையா? பொட்டைன்னா குட்டி போட்டுட்டே இருக்குமே.” ஆறு மாதத்தில் கருத்தடை செய்துவிடலாம், செலவைக்கூட அந்தப் பெண் பார்த்துக்கொள்வாள் என்றேன். “இல்ல, அது பாவம்” என்று வைத்துவிட்டார்.

“தோட்டத்துக்குக் காவலுக்கு வேணும். சங்கிலியெல்லாம் ரெடியா இருக்கு.” ராத்திரி அவிழ்த்து விடுவீர்களா என்றேன். எதற்கு என்றார்.

சிப்பிப்பாறை, கோம்பை, ராஜபாளையம் என்று நம் நாட்டு இனங்களின் பெருமையைக் கால்மணி நேரம் பேசினார் ஒருவர். அப்படியானால் இதுவும் நாட்டு நாய்தானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். “இது தெருநாய்ங்க.”

பத்து நாள் முடிந்துவிட்டது.

அக்டோபர் 15, புதன்

மொட்டை மாடியில் ஓடவிட்டதற்குக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்தார். நாய் வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் போடப்போகிறாராம். கோர்ட்டே சொல்லிவிட்டது என்றார். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பதினோரு நாளில் அதைத் திருத்தி, ஊசி போட்டுக் கருத்தடை செய்தவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நிறையப் பேர் முதல் உத்தரவோடு நியூஸ் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். தவிர, இது தெருநாய் வழக்கு. என் வீட்டுக்குள் இருக்கும் குட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குடியிருப்புச் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதைக் காட்டினேன்.

கொஞ்சம் திமிராகவே, அந்த வாரியத்தின் முதல் தலைவர் நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் என்றும், 1960-ஆம் வருஷத்து வதைத் தடுப்புச் சட்டத்துக்கே அவர் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாதான் வித்து என்றும் சொல்லிவைத்தேன். ருக்மிணி தேவி என்றால் பரதநாட்டியம் மட்டும்தான் என்று செயலாளர் நினைத்திருந்தாராம்.

போகும்போது படியில் நின்று, பேரனைப் போன வருஷம் நாய் கடித்து ஐந்து ஊசி போட்டதைச் சொன்னார். அதற்கு என்னிடம் சுற்றறிக்கை இல்லை. மொட்டை மாடியைக் காலை ஆறரைக்கு முன்னால் மட்டும் வைத்துக்கொள்வதாகவும், நானே கழுவிவிடுவதாகவும் ஒப்புக்கொண்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கால் தரையில் படக் கூடாது, சரி. கண்ணும் காதும் தெருவைப் பழகலாமே. குட்டிக்கு மூன்றரை மாதம் ஆவதற்குள் பார்த்த, கேட்ட எதற்கும் பின்னால் அவ்வளவாகப் பயப்படாது. அப்போது விட்டதைப் பிறகு பழக்குவது பெரும்பாடு. ஜவுளிக்கடை கட்டைப்பை ஒன்றின் அடியில் அட்டை வைத்து, அதில் உட்காரவைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறேன். தலை மட்டும் வெளியே. டீக்கடை, ஹெல்மெட் போட்ட ஆள், குப்பை வண்டிப் பாட்டு, ரேஷன் வரிசை, கோயில் மணி. புல்லட் சத்தத்துக்கு மட்டும் பைக்குள் மூழ்கிவிட்டு, அரை நிமிடத்தில் ஒரு காது, ஒரு கண், மூக்கு என்று தவணை முறையில் வெளியே வந்தது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வெடிக்க அனுமதித்த நேரம் காலை ஆறு முதல் ஏழு, ராத்திரி ஏழு முதல் எட்டு. எங்கள் தெருக் கடிகாரம் வேறு. நாலேகாலுக்கு முதல் சரம். குட்டி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒடுங்கி, மூச்சு இரைக்க, எச்சில் வடிய உட்கார்ந்துகொண்டது. இழுத்தால் வரவில்லை.

எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுப்புடவையோடு வந்த அம்மா, ஒன்றும் சொல்லாமல் உள்ளறை ஜன்னலை மூடினாள். திரையை இழுத்தாள். ஃபேனைக் கூட்டினாள். டிவியில் பட்டிமன்றம் வந்ததும் சத்தத்தை ஏற்றினாள். பிறகு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, “வா சனியனே” என்றாள். வந்தது. முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. பட்டிமன்றம் முழுக்க எழுந்திருக்கவில்லை இரண்டு பேரும். புதுப்புடவையில் எச்சில் கறை.

அக்டோபர் 25, சனி

இரண்டாவது ஊசி ஆயிற்று. நாலு கிலோ நூறு. நாளை ஒரு குடும்பம் வருகிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

ஞாயிறு போனது, இன்று திரும்பி வந்துவிட்டது. “ரொம்ப ஓடுது. கடிக்குது. பிள்ளைங்க படிக்கவே முடியல.” புது பெல்ட், புதுத் தட்டு, பாதி உடைத்த தீனி மூட்டை எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள்தான். பொம்மையை எதிர்பார்த்தவர்களிடம் உயிரைக் கொடுத்தது என் பிழை. “ரொம்ப சுறுசுறுப்பு” என்று போஸ்டரில் போட்டு மழுப்பியிருந்தோம். ஏழரை மணி ஓட்டத்தையும் முப்பது தடவை கதவு சாத்தலையும் சொல்லவில்லை. ஆள் ஓடிவிடுவார்களோ என்று பயம். ஓட வேண்டியவர்கள் முன்னாடியே ஓடுவதுதான் குட்டிக்கு நல்லது.

போஸ்டரை மாற்றி எழுதினேன். கடிக்கும், ஓடும், செருப்பு தின்னும், தினம் இரண்டு மணி நேரம் உங்களைக் கேட்கும் என்று. அந்தப் பெண் படித்துவிட்டு, “அக்கா, இதைப் பாத்தா யார் வருவா?” என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

கோவிலம்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ப்ளவுஸ் தைப்பவர். வீட்டுக்காரர் ராத்திரி கால் டாக்ஸி ஓட்டுகிறார். கூடவே பத்து வயது மகள். அந்தச் சிறுமி நேராகப் பாய்ந்து தூக்கவில்லை. தரையில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டுச் சும்மா இருந்தாள். குட்டி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு மடியில் ஏறியது, கடித்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். யாரும் சொல்லித் தரவில்லை.

அம்மாக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பகல்ல எவ்ளோ நேரம் தூங்கும்?” இத்தனை பேரில் இதைக் கேட்டது இவர் மட்டுமே. ஜாதி கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை. துணியைக் கடிக்குமே என்றேன். “வெட்டுத்துணி மூட்டையா கெடக்கு. தின்னாத வரைக்கும் சரி” என்றார். கருத்தடை ஒப்புதல் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அம்மா வாசலுக்கு வரவில்லை. சமையலறையில் குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் தையல்காரம்மா போன் செய்தார். சாப்பிடுகிறதாம், தூங்குகிறதாம், ஓவர்லாக் மெஷின் ஓடினால் மட்டும் குரைக்கிறதாம். “ஒரு சந்தேகம்க்கா. மிளகு மிளகுன்னு எத்தன தடவ கூப்பிட்டாலும் திரும்பவே மாட்டேங்குது. காது கேக்கும்ல?”

எப்படிச் சொல்வது என்று நான் இழுத்துக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. சமையலறையிலிருந்து அம்மா, “என்னவாம் அந்தச் சனியனுக்கு?” என்று குரல் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் ஏதோ டப்பா உருண்டது. நகம் கீறும் சத்தம், போனை மோப்பம் பிடிக்கும் சத்தம், அப்புறம் குரைப்பு. அந்தச் சிறுமி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

இனி அங்கே என்ன கூப்பிடுவார்களோ, அட்டையில் மிளகு என்றுதான் இருக்கிறது. ரேபிஸ் ஊசி 22-ஆம் தேதி. காலண்டரில் கிழமை பார்த்துச் சொன்னேன்: சனி.