களி சரி, கறி?
காவேரிப்பட்டினம் பக்கம் ஊரும் சேரியும் தின்றது ராகிக் களிதான். சேரியில் தொட்டுக்கொள்ள மாட்டுக்கறியும் இருந்தது.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு பக்கத்துத் தருமபுரியில் ரேஷனில் 2 கிலோ ராகி தரத் தொடங்கினார்கள். நல்லதுதான். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10கூடத் தேறாது.

ஆனால் ‘ஆரோக்கிய உணவு’ என்று போடும் பட்டியல்களில் களிக்கு இடம் கிடைத்துவிட்டது, கறிக்குக் கிடைக்கவில்லை. புரதம், இரும்புச்சத்து, பி12 எல்லாம் மலிவு விலையில் தருகிற கறி அது. ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகும் நம் தங்கைகள் ரத்தசோகையோடு நிற்கிறார்கள். டிபன் பாக்ஸில் கறி கொண்டுபோகக் கூசுகிறார்கள். அந்தக் கூச்சம் சாதி கொடுத்தது.

தோழர்களே, களி, கீரை, அளவாகக் கறி என்று பழகுவோம். நாலு பேர் நடுவில் திறந்துவைத்துச் சாப்பிடவும் பழகுவோம்.