பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "உங்கள் பெண் தமிழ்ப் புத்தகம் வாசிக்கிறாளாமே! என்ன புத்தகம் வாங்கிக் கொடுத்தீர்கள்?" என்று வினவினார். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். தந்தையார் இரயில்வேப் பணியில் இருக்கும்போதே காலமானதால், அந்த வழியில் வேலை கிடைத்து, இன்று நாகபுரியில் பார்சல் அலுவலகத்தில் எடை பார்த்து ரசீது எழுதும் எழுத்தராக இருக்கிறேன். நூல்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எனினும், அன்பரின் கேள்விக்கு நின்றபடியே விடை சொல்ல இயலவில்லை. ஆதலின் இங்கே எழுதத் துணிந்தேன்.

என் தாயார் கோவில்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் தனியே இருக்கிறார். காது மந்தமாகிவிட்டதால் தொலைபேசியில் பேச இயலாது. மாதம் ஒரு முறை இன்லண்டு கடிதம் வரும். அதில் பாதி எனக்கு, பாதி என் பிள்ளைகளுக்கு. மூத்தவளுக்கு வயது பத்து, இளையவனுக்கு எட்டு. ஆங்கிலமும் இந்தியும் பள்ளியில் கற்கிறார்கள். மராத்தி தெருவிலேயே வந்துவிட்டது. தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. ஆகையால் ஆச்சியின் கடிதத்தை நானே வாசித்துச் சொல்லி வந்தேன்.

ஒரு நாள் மகள் கடிதத்தைக் கையில் வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதில் என் பெயர் எங்கே அப்பா இருக்கிறது?" என்று கேட்டாள். அக்கேள்வி என்னைச் சுட்டது. மறுவாரமே அரிச்சுவடியும் கோடு போட்ட நோட்டுகளும் வாங்கினேன். இரவுப் பணி முடிந்து வந்த களைப்பிலும் பிள்ளைகளை உட்கார வைத்து எழுதச் சொன்னேன். லகர, ளகர, ழகரம் தடுமாறினால் குரலை உயர்த்தினேன். இரண்டொரு முறை கையையும் ஓங்கியிருக்கிறேன் என்பதை மறைப்பதற்கில்லை. எழுத்துகள் வந்தன, ஆனால் விருப்பம் போய்விட்டது. பழைய காகிதம் வாங்குபவன் வந்த ஒரு ஞாயிறன்று, செய்தித்தாள் கட்டின் நடுவே அந்த அரிச்சுவடி செருகப்பட்டிருக்கக் கண்டேன். அடிக்கவில்லை. அடிப்பதற்கு எனக்கு முகமில்லை.

இதற்கு மருந்து நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மகள் பள்ளி நூலகத்திலிருந்து இந்தியில் ஒரு புத்தகம் கொண்டுவந்து, சோறு ஆறுவதும் அறியாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். அது 'டோட்டோ-சான்'. ஜப்பானில் தெத்சுகோ குரோயநாகி என்னும் அம்மையார் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981-இல் வெளியான நூல். குறும்புக்காரி என்று ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி வேறொரு பள்ளிக்குச் செல்கிறாள். அங்கே வகுப்பறைகளெல்லாம் பழைய இரயில் பெட்டிகள்! சேர வந்த முதல் நாளிலேயே தலைமையாசிரியர் அவளை எதிரே அமர்த்தி, அவள் சொல்வதையெல்லாம் நான்கு மணி நேரம் பொறுமையாகக் கேட்கிறார். 1945-இல் விமானக் குண்டுவீச்சில் அப்பள்ளி எரிந்து போயிற்று. மகள் இவற்றை எனக்குச் சொல்லச் சொல்ல, அந்த நான்கு மணி நேரந்தான் என் மனத்தில் தைத்தது. நான் என் பிள்ளையின் பேச்சை நான்கு நிமிடம் முழுமையாகக் கேட்டதுண்டா?

அந்நூலைத் தமிழிலும் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருப்பதை அறிந்து, சென்னையிலுள்ள என் மைத்துனருக்குச் சொன்னேன். அவர் ஜனவரியில் நடக்கும் புத்தகக் காட்சியில் வாங்கி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்த ஒரு நண்பரிடம் கொடுத்தனுப்பினார். கதை முன்பே தெரிந்ததாகையால், தெரியாத சொல்லை மகள் ஊகித்துக்கொண்டாள். "இந்தியில் இது இன்னது, தமிழில் இப்படியா!" என்று அவளே வியந்தாள். எழுத்துக் கூட்டும் சுமையை, கதை பாதி சுமந்துகொண்டது.

இதிலிருந்து நான் கற்ற முதற் பாடம்: நம்மைப் போன்று வெளி மாநிலத்தில் வாழ்வோர், பிள்ளை பள்ளி மொழியில் விரும்பி வாசித்த நூலையே தமிழில் தேட வேண்டும். 1957-இல் தொடங்கப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட், 'நேரு பால புஸ்தகாலயம்' என்ற வரிசையில், ஒரே கதையை அதே சித்திரங்களுடன் பல இந்திய மொழிகளில் தருகிறது. விலையும் நம் சம்பளத்துக்கு எட்டுவது. சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம், ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் அமைந்த சிறுவர் நூல்களை வெளியிடுகிறது. எழுத்துக் கூட்டத் தொடங்கும் பிள்ளைக்கு இவை ஏற்றவை.

இரண்டாவது, பாட்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' வீட்டில் இருக்க வேண்டிய நூல். பகலில் வங்கிப் பணி பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காகப் பாடியவர் அவர் என்பது, என் போன்ற எழுத்தருக்குத் தனி மகிழ்ச்சி. என் இளைய மகன் எழுத்தறியுமுன்பே அப்பாட்டுகளில் பத்தை மனப்பாடம் செய்தான். பிறகு, வாயில் வந்த பாட்டைப் பக்கத்தில் விரல் வைத்துத் தேடித் தேடியே எழுத்துகளை அடையாளம் கண்டுகொண்டான்.

மூன்றாவது, இக்காலத்து எழுத்தாளர்கள். நாம் வாசித்த அம்புலிமாமா 1947-இல் தோன்றியது. அது நின்று ஆண்டுகள் பலவாயின. அத்துடன் சிறுவர் இலக்கியமே முடிந்துவிட்டது என்று பெருமூச்சு விடுவோர் நம்மிடையே உண்டு. நானும் அப்படியே எண்ணியிருந்தேன். அது தவறு. 2020-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' ஒரு மரப்பாச்சியைப் பேசவைத்து, தீய எண்ணத்தோடு தொடுபவரிடமிருந்து பிள்ளைகள் தம்மைக் காத்துக்கொள்வது எப்படி என்று சொல்லித் தருகிறது. நாம் வாய் திறக்கக் கூசும் செய்தியை அந்நூல் நமக்காகச் சொல்லிவிடுகிறது. இதனைத் தாயோ தந்தையோ உடனிருந்து வாசிப்பது நன்று. 2023-இல் அதே பரிசைப் பெற்ற 'ஆதனின் பொம்மை' கீழடியைக் களமாகக் கொண்டது. அதனை எழுதிய உதயசங்கர் எங்கள் கோவில்பட்டிக்காரர். இரயில்வேயில் பணியாற்றியவர் என்பதை அலுவலகத்தில் நான் சொல்லாத ஆளில்லை.

பன்னிரண்டு வயதை நெருங்கும் பிள்ளைக்கு இராஜாஜியின் 'வியாசர் விருந்து' கொடுக்கலாம். அதற்குமுன் கொடுத்து அச்சுறுத்த வேண்டாம்.

எவ்வளவு நேரம் வாசிப்பது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள். பிழை வந்தால் நிறுத்துவதில்லை. இரவுப் பணி நாட்களில் என் மனைவி என் பக்கத்தையும் வாசித்துவிடுகிறாள்.

இனி, நான் சொல்லத் தயங்கியதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற தைக் கடைசியில் ஆச்சியின் கடிதம் வந்தபோது நான் பணியில் இருந்தேன். வீடு திரும்பியதும் மகள் கடிதத்தோடு எதிரே வந்து நின்றாள். எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்திருந்தாள். "அப்பா, 'கண் மங்குகிறது, இந்தக் கோடைக்காவது பிள்ளைகளைக் கண்ணில் காட்டு' என்று ஆச்சி எழுதியிருக்கிறாளே! போன கடிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருக்கிறது. நீங்கள் ஏன் அந்த வரியை வாசிக்கவில்லை?" என்றாள்.

உண்மைதான். மூன்று ஆண்டுகளாக அந்த வரியை விழுங்கிவிட்டே வாசித்து வந்தேன். இரயில்வே ஊழியனுக்குப் பாஸ் உண்டு. கோடை நெரிசலில் விடுப்புக் கேட்கத்தான் அச்சம். வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் கேட்பார்கள். விடை சொல்ல வேண்டிவரும். அவர்களுக்கு எழுத்து தெரியாதது எனக்கு வசதியாகவும் இருந்திருக்கிறது. அன்றுதான் அது எனக்கே விளங்கிற்று.

நான் பேசாதிருக்கவே, அவள் ஒரு தாளில் எட்டு வரி எழுதி என்னிடம் நீட்டினாள். "மே மாதம் வருகிறோம். அப்பா லீவு கேட்டுவிட்டார்" என்றிருந்தது. றகரம் வரவேண்டிய இடமெல்லாம் ரகரம். நான் ஒன்றையும் திருத்தவில்லை. மறுநாள் காலை, கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன், விடுப்பு விண்ணப்பத்தை மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். மே மாதம் போய் வந்தோம். ஆச்சியின் காதருகே அமர்ந்து என் மகள் உரக்க வாசித்ததைத் தெருவே கேட்டது.

அன்பர்களே, நம் சங்கத்தில் பூட்டிக் கிடக்கும் மர அலமாரி ஒன்றுண்டு. சென்னை சென்று திரும்பும் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு சிறுவர் நூல் வாங்கி அதில் வைத்தால், ஓராண்டில் அது நிரம்பிவிடும். பதிவேடு எழுதும் வேலையை நான் ஏற்கிறேன். எழுத்தனுக்குப் பழகிய வேலைதானே! எங்கள் வீட்டு 'டோட்டோ-சான்' முதல் நூலாக இருக்கட்டும்.