பைக்குள் கெக்கரி

சித்திரை மாதம் பின்னேரம் மூன்று மணிக்கு, வெயிலில் நிற்கும் கறுத்தப் பொலித்தீன் பையின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கனநேரம் வைத்திருக்க ஏலாது. அந்தச் சூட்டுக்கு ஒரு விரற்கடை உள்ளேதான் கெக்கரியின் வேர் கிடக்கிறது. நிலத்தில் நட்ட கொடிக்கு மேல்மண் கொதித்தாலும், ஒரு சாண் கீழே குளிர்ந்த மண் இருக்கும். வேர் அங்கே இறங்கிப் பிழைத்துக்கொள்ளும். பைக்குள் இருக்கும் வேர் எந்தப் பக்கம் போனாலும் சுவரில்தான் முட்டும். பையிலும் வாளியிலும் கெக்கரி வைப்பவர்கள் படும் பாட்டில் பெரும்பங்கு இந்த ஒன்றிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

எங்கள் ஊர் அளவெட்டி என்றால் வெளியூரவருக்கு நாதசுரமும் தவிலும் நினைவு வரும். ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தோட்டமும் கிணறும்தான் பேச்சு. வலிகாமத்துச் செம்மண்ணைப் பற்றி எங்களிடம் யாரும் குறை சொல்லித் தப்ப முடியாது. வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி என்று எதை வைத்தாலும் பார்த்துக்கொண்ட மண் அது. ஆனால் காணி பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து இரண்டு பரப்பு, ஒரு பரப்பு என்று சுருங்கிவிட்டது. புதுவீடுகளின் முற்றமெல்லாம் சீமெந்து. 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து, நவம்பரில் அதைத் தளர்த்தும்வரை மரக்கறி வைப்பவர்கள் திண்டாடினார்கள். அடுத்த ஆண்டு விலைவாசி எல்லோரையும் திண்டாட வைத்தது. அந்த நேரத்தில்தான் பல வீடுகளில் பையும் பழைய பெயின்ற் வாளியும் வாசலுக்கு வந்தன. பைகள் வந்த கையோடு எல்லோரும் செய்த காரியம், வளவில் வெட்டிய செம்மண்ணை அப்படியே அள்ளி நிரப்பியது.

நிலத்தில் நல்லபிள்ளையாக இருக்கிற செம்மண் பைக்குள் போனதும் குணம் மாறும். நிலத்தில் அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல்; விட்ட தண்ணீர் வேரைத் தாண்டி இறங்கிப் போக வழியிருக்கிறது. பையில் நாலுதரம் காய்ந்து நனைந்தால் மண் இறுகிச் சுருங்கி ஓரத்தை விட்டு விலகும். பிறகு ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கால் ஓடி அடியால் போய்விடும். நடுமண் காய்ந்தே கிடக்கும். பார்ப்பவருக்கு நிறையத் தண்ணீர் விட்ட திருப்தி. கொடிக்குத் தாகம்.

நான் செம்மண், உக்கிய மாட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சம பங்காகக் கலக்கிறேன். எரு பழையதாக இருக்க வேண்டும், புதுச் சாணம் உக்கும்போது சூடேறும். ஏற்கெனவே கொதிக்கிற பைக்கு அது வேண்டாம். தும்புத்தூளில் உப்பு இருக்கும், அதனால் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தபிறகே சேர்க்க வேண்டும். ஒரு கொடிக்கு இருபது லீற்றர் கொள்ளும் பை குறைந்தபட்சம். சின்னச் சட்டியில் கெக்கரி முளைக்கும், படரும், பூக்கவும் செய்யும். காய் பிடிக்கிற நேரத்தில் கைவிடும்.

பையைத் தெரிவு செய்யச் சொன்னால் வெள்ளை உரப்பையைத்தான் எடுப்பேன். நெய்த பையானபடியால் காற்றுப் போகும், வெள்ளையானபடியால் சூடு குறைவு. வெயிலில் இற்றுப்போகும் என்பது உண்மை, ஒரு போகத்துக்குத் தாங்கினால் போதும். அதைச் சுற்றிப் பழைய கிடுகு ஒன்றைக் கட்டிவிட்டால் வேறு வித்தை எதுவும் தேவையில்லை. சீமெந்து நிலத்தில் நேரே வைக்காமல் இரண்டு கல்லைக் கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். மேலே சருகு மூன்று விரல் தடிப்புக்கு. யாழ்ப்பாணத்தில் சித்திரை வருடப்பிறப்பை அண்டி மத்தியானச் சூரியன் சரியாக உச்சிக்கு மேலே நிற்கும், ஓகஸ்ட் கடைசி வாக்கில் மறுபடியும். அந்த நாட்களில் மேல்மண்ணைச் சருகு காப்பாற்றும். பையின் விலாவைச் சுடுவது பின்னேர வெயில், அதற்குத்தான் கிடுகு. மேற்கே ஒரு முருங்கையோ வாழையோ நின்றால் இன்னும் நல்லது.

தண்ணீர்தான் எங்கள் ஊரில் தனிக் கதை. வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத குடாநாடு, எல்லாம் நிலத்தடி நீர், அதுவும் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறிவருவது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். பையில் தினமும் இந்தத் தண்ணீரை ஊற்ற, நீர் ஆவியாகும், உப்பும் சுண்ணாம்பும் தங்கும். கொஞ்ச நாளில் குருத்திலை மஞ்சளடித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உடனே யூரியா போடுகிறவர்கள் உண்டு. அது தழைச்சத்துக் குறைவு இல்லை. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் அடியிலை மஞ்சளாகும். இங்கே நடப்பது, சுண்ணாம்பு கூடி வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் நிற்பது. யூரியா உப்பை இன்னும் கூட்டும். கூட்டெருவைக் கூட்டிப் போட்டு, கிழமைக்கு ஒருதரம் அடியால் வழியும்வரை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவதே வழி. மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவர் பாக்கியவான். பையின் அடியால் வழிகிற தண்ணீரை வாழைக்கு விடுங்கள். பசளை கரைந்த நீர் இறங்குவதும் நாங்கள் குடிக்க அள்ளுவதும் ஒரே நிலத்தடி நீரில்தான். குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று பாதுகாப்பான அளவைத் தாண்டியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தண்ணீர் விடும் நேரம் விடியவும் பின்னேரமும். மத்தியானம் இலை வாடித் தொங்குவதைக் கண்டு வாளியோடு ஓட வேண்டாம். அகன்ற இலையிலிருந்து வெயில், வேர் கொடுப்பதைவிடக் கூடுதலாகத் தண்ணீரை வாங்குகிறது, அவ்வளவுதான். பொழுது சாயும்போதும் நிமிராவிட்டால் பிறகு யோசிக்கலாம். சோளகம் வீசும் மாதங்களில் கணக்கு வேறு. காற்று ஈரத்தை உறிஞ்சும், இலையைக் கிழிக்கும். வேலி மறைப்பில்லாத இடத்தில் அப்போது கெக்கரி வைக்காமல் இருப்பது புத்தி.

பூக்கத் தொடங்கியதும் அயல் வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் கேட்பா: “தம்பி, பூவெல்லாம் கொட்டுண்டு போகுது, என்ன மருந்து அடிக்கிறது?” மருந்து வேண்டாம். முதலில் வருவது ஆண்பூ, அது கொட்டத்தான் வேண்டும். பெண்பூவின் அடியில் சின்னப் பிஞ்சு ஒட்டியிருக்கும். வெக்கை கூடினால் ஆண்பூவே திரும்பத் திரும்ப வரும். பெண்பூ ஒருநாள்தான் விரிந்திருக்கும். வெயில் ஏறமுதல் தேனீ வரவில்லையென்றால், ஆண்பூவின் இதழைக் கிள்ளிவிட்டுப் பெண்பூவின் நடுவில் தொட்டுவிடலாம். மகரந்தம் குறைவாக விழுந்த காய் ஒருபக்கம் சூம்பிக் கோணலாகும். விரியாத பூவோடு பிஞ்சை மெல்லிய துணிப்பையால் மூடி, பூ விரியும் காலையில் மட்டும் திறந்து, மகரந்தம் தொட்டதும் திரும்பக் கட்டினால் பழ ஈயிடமிருந்து தப்பும். குத்துப்பட்ட காயை வேலியோரம் எறியாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி அடுத்த ஈயாக வரும். பொலித்தீனில் கட்டி வெயிலில் வைத்தால் செத்துவிடும்.

அதே அக்காதான், பாகலுக்குப் பக்கத்தில் வைத்தபடியால் கெக்கரி கசக்குது என்றும் சொல்லுவா. பாகலும் கெக்கரியும் கலப்பதில்லை. கலந்தாலும் அது விதைக்குள்தான் தெரியும், காயின் சதையில் தெரியாது. கசப்பு கெக்கரியின் சொந்தச் சொத்து. இமயமலை அடிவாரத்து அதன் காட்டு உறவு இன்றைக்கும் கசப்புத்தான். வளர்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குறைத்து வைத்த அந்தக் குணம், வேர் வெந்தாலோ ஒருநாள் காய்ந்து ஒருநாள் ஊறினாலோ காம்புப் பக்கத்தில் தலைகாட்டும். கல்பிட்டி வைட் போன்ற உள்ளூர் இனமும் கடைப் பக்கற்றில் வரும் கலப்பினமும் இதில் கொஞ்சம் வித்தியாசப்படலாம். சூடேறிய பையில் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

காய் பிடித்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயத்தான் வேண்டும். ஒரு காயை முற்றவிட்டால் கொடி அதன் விதையைப் பார்க்கப் போய்விடும், புதுப் பிஞ்சு குறையும். ஓய்ந்த கொடியை இழுத்த பிறகு பைமண்ணைக் கொட்டி வெயிலில் பரப்பி, எருச் சேர்த்து, அடுத்த போகத்துக்குப் பயற்றங்காயோ கீரையோ போடலாம். திரும்பவும் கெக்கரியோ பூசணியோ அதே மண்ணில் வேண்டாம். செலவுக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பை, எரு, தும்புத்தூள் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கினால் சுன்னாகம் சந்தையில் கெக்கரி வாங்குவதே மலிவு. வளவில் மாடும் தென்னையும் உள்ளவருக்குத்தான் இது கட்டுப்படியாகும்.