விடுதலைப் பத்திரம்

அம்மாவுக்குக் கல்யாணம் 1988 தையில். சித்திக்கு 1990 ஆவணியில். ஒரே வீட்டில் பிறந்து ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். இந்த இடைவெளி சட்டத்தின் கண்ணில் எவ்வளவு பெரியது என்று, 2021இல் மாமாக்கள் பத்திரத்தோடு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தாத்தாவின் பூர்வீக நஞ்சை இரண்டரை ஏக்கர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு பெறும் உரிமையை மகன்களுக்கு மட்டுமே விட்டுவைத்திருந்தது. அப்பா இறந்தபின் அவருடைய பங்கில் ஒரு துண்டுதான் மகளுக்கு. பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு 1929இல் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் மகளுக்குப் பிறப்புரிமை கிடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின. அதிலும் ஒரு நிபந்தனை: 1989 மார்ச் 25க்கு முன் திருமணமான மகளுக்கு அது கிடையாது.

2001இல் தாத்தா இறந்தார். நிலத்தை யாரும் பிரிக்கவில்லை. அன்றைய கணக்குப்படி மாமாக்கள் இருவருக்கும் சித்திக்கும் தலா 75 சென்ட். அம்மாவுக்கும் அம்மாச்சிக்கும் தலா பன்னிரண்டரை சென்ட். கல்யாணமாகிப் போனவள் வேறு வீட்டுக்காரி என்ற நினைப்புதான் அந்த நிபந்தனையை எழுதியது.

எங்கள் குடும்பம் அப்படி இருக்கவில்லை. பெரிய மாமா சென்னையில், சின்ன மாமா துபாயில். அப்பா எங்களை விட்டுப் போனபின் அம்மா பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்த அம்மாச்சியைத் தூக்கி உட்காரவைப்பதும், குத்தகைக்காரரிடம் நெல் அளந்து வாங்குவதும் அவள்தான்.

2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம், திருமணத் தேதியைப் பார்க்காமல் எல்லா மகள்களுக்கும் பிறப்புரிமை தந்தது. அதற்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11இல் தெளிவாக்கியது. இப்போது பிள்ளைகள் நால்வருக்கும் தலா 60 சென்ட், அம்மாச்சிக்கு 10.

மாமாக்கள் கொண்டுவந்தது விடுதலைப் பத்திரம். தன் பங்கை உடன்பிறந்தவருக்கு விட்டுக்கொடுப்பதற்குப் பத்திரப் பதிவில் வழங்கும் பெயர் அது. "அண்ணன் உறவு அறுந்துடக் கூடாது" என்று சித்தி கையெழுத்துப் போட்டாள். தனக்கு 1989 முதலே உரிமை இருந்தது அவளுக்குத் தெரியாது. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. புருஷன் வீட்டில் ஒன்று என்றால் வந்து நிற்க அண்ணன்மார்தான் உண்டு என்று சொல்லி வளர்க்கப்பட்டவள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். "தம்பி, கல்யாணத்துலயே என் பங்கை நகையா வாங்கிட்டேன்னு எழுதியிருக்கே. அந்த நகையை வித்துத்தானே நீ துபாய் போனே?" என்று சின்ன மாமாவைக் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அம்மா கையெழுத்துப் போடவில்லை.

அதன்பிறகு பொங்கல் சீர் வருவதில்லை. மாமாக்கள் அம்மாச்சியைப் பார்க்க வந்தால் திண்ணையோடு போய்விடுகிறார்கள். அம்மா இரவில் அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் போட்டிருக்கலாம் என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை.

போன மாதம் சித்தி போனில் கேட்டாள். "போட்ட கையெழுத்தைத் திருப்பி வாங்க முடியுமாடி?"

பதிவான பத்திரத்தை ரத்து செய்வது லேசில் நடக்காது என்றேன். கையெழுத்துப் போடும் முன் இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அன்று அங்கே இருந்த நானும்கூட.